சத்தத்தை நிறுத்திப் படத்தை ஓடவிட்ட அக்காவுக்கு

அக்கா,

இன்று சேலத்திலிருந்து பஸ்ஸில் மலையேறும்போது, கொண்டை ஊசி வளைவில் மகள் வீடியோவில் அழைத்தாள். காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திவிட்டு வகுப்பிலிருந்தே கூப்பிடுகிறாள். ஒரு கையில் கம்பி, மறுகையில் போன். சைகையில் பதில் சொல்லக் கை இல்லாமல் தலையை மட்டும் ஆட்டினேன். தனிக்காசு இல்லாமல், முன்பதிவு இல்லாமல் முகம் வந்து நிற்கிறது. உங்கள் நினைப்புதான் வந்தது.

அவளைச் சென்னையில் கல்லூரியில் சேர்த்த முதல் மாதமே, "வீட்டுக்கு வந்துவிடுகிறேன்" என்று கடிதம் போட்டாள். பிறவியிலேயே காது கேட்காதவளுக்குப் போன் போட்டு என்ன பயன்? சேலத்து ஓட்டல் ஒன்றில் வீடியோ கான்பரன்ஸ் அறை இருந்தது. படம் அத்தனை தெளிவாம். ஆனால் ஒரு மணி நேர வாடகையே எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரான என் பாதிச் சம்பளம். அவள் பக்கமும் அப்படியொரு அறை வேண்டும். மலைமேல் ஒண்டிக்கடைப் பகுதியில் இருந்த உங்கள் பிரவுசிங் சென்டரிலோ டீ, வடைக் காசுதான். அவளும் ஹாஸ்டல் பக்கத்தில் அதுபோலொரு கடையில் உட்கார்ந்தாள். அவள் விரல் அசைவதற்குள் படம் உறைந்துவிட்டது. பதற்றத்தில் நான், "சாமி, அப்பா பேசறேன்!" என்று கடையே அதிரக் கத்தினேன். நீங்கள் சிரித்தே விட்டீர்கள்.

"ஏனுங்க ரைட்டரே, நெட்டு இழுத்தா எல்லாரும் படத்தை நிறுத்திட்டுப் பேசுவாங்க. உங்களுக்குச் சத்தம் எதுக்குங்க?"

சத்தத்தை நிறுத்தினீர்கள். படத்தைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கினீர்கள். மற்ற கம்ப்யூட்டர்களில் இருந்தவர்களை, "செத்த நேரம் பொறுங்க கண்ணு, இவங்க பேசிக்கட்டும்" என்று எழுப்பிவிட்டீர்கள். படம் ஓடியது.

"வந்துடட்டுமா?" என்று அவள் கை கேட்டது. சரி என்று சொல்லத்தான் போயிருந்தேன். அதற்குள் அவளுக்குப் பின்னால் நின்ற இரண்டு தோழிகள் சைகையிலேயே ஏதோ கேலி செய்ய, இவள் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு எந்தக் கடிதத்திலும் வந்திருக்காது. "பத்து நாள் இருந்து பார், ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருகிறேன்" என்று கை காட்டினேன். மூன்று வருடம் ஞாயிறு தவறாமல் வந்தேன். பக்கத்தில் நின்றே எங்கள் சைகைகளைக் கற்றுக்கொண்ட நீங்கள், என்னைவிட அதிகமாக அவளை அதட்டினீர்கள்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் உங்கள் தொண்டையில் குழாய் போட்டிருந்தார்கள். உங்கள் மகன் உங்கள் வாயருகே காதை வைத்து வைத்துத் தவித்துப்போனான். நீங்கள் என் பக்கம் திரும்பிக் கையை அசைத்தீர்கள்.

"வலிக்கலையாம். உன்னை அழ வேண்டாங்கறாங்க, கண்ணு" என்று அவனிடம் சொன்னேன்.

உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரிந்ததே இல்லை, அக்கா. ஆனால் உங்கள் கடைசிச் சொல்லை உங்கள் பிள்ளையிடம் சேர்த்த வாய் என்னுடையது.