கழுவிய இடது கை

ஜூன் 3

என் கண்ணுக்குப் பாட்டி எழுதுவது,

இங்கே எல்லாரும் நலம். போனில் எனக்குப் பாதிதான் கேட்கிறது, அதனால்தான் கடிதம். உன் பெரியண்ணன் ரயில் ஓட்டும் பரீட்சையில் பாஸாகிவிட்டான். சின்னவன் ஓட்டப்பந்தயத்தில் முதல். உன் சித்தி மகளுக்குப் பல் டாக்டர் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. என் பல்செட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லி உயிரை எடுக்கிறாள். எல்லாருக்கும் மேலே நீ. வெள்ளைக் கோட்டுப் போட்டு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவள் நம் வம்சத்திலேயே நீ ஒருத்திதான். அஞ்சாவதோடு நின்றவளுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

நீ கேட்டபடி இந்தக் குடியிருப்பில் என்னோடு சேர்த்துப் பன்னிரண்டு பெண்கள் நாலு வாரமாக இடது கையில் உங்கள் க்ரீமைத் தடவினோம். நேற்று உன் ஆபீஸ் பெண்கள் இரண்டு பேர் கையைத் துடைத்து எடுக்கிற பஞ்சுக்குச்சியோடு கடைசித் தடவையாக வந்தார்கள். நீ சொல்லி வைத்தபடி நான் உன் பாட்டி என்று காட்டிக்கொள்ளவில்லை. நாக்கு அரித்தது, அடக்கிக்கொண்டேன்.

முதல் தடவை அவர்கள் வந்தபோது அடுப்படியிலிருந்து அப்படியே வந்து கை நீட்டினோம். எனக்கு அவமானமாகப் போயிற்று. அதனால் நேற்று காலையிலேயே எல்லாரையும் குழாயடியில் நிறுத்திவிட்டேன். “என் பேத்தி ஆபீஸ்லேர்ந்து வர்றாங்கடி, அழுக்குக் கையை நீட்டி என் மானத்த வாங்காதீங்க” என்று சொல்லி, சோப்புப் போட்டு, காயம் கழுவுகிற மருந்தையும் ஊற்றி, க்ரீம் போட்ட கையைப் பளபளவென்று தேய்த்துவிட்டோம். மாடிவீட்டுக்காரி, “கல்யாணத்தன்னைக்குக்கூட நான் இப்படித் தேய்ச்சுக் குளிக்கலக்கா” என்றாள்.

“ரெண்டு நாளா சோப்பு போடலையேம்மா?” என்று அந்தப் பெண்கள் கேட்டார்கள். சோப்புப் போட வேண்டாம் என்று அவர்கள் முன்பே சொல்லியிருந்ததை, விருந்துக்கு வருகிறவர்கள் ‘சிரமப்படாதீங்க’ என்று மரியாதைக்குச் சொல்வார்களே, அது மாதிரி என்று எடுத்துக்கொண்டு, “இல்லம்மா” என்றேன். வலது கையையும் துடைத்து எடுத்தார்கள். அதைக் கழுவாமல் விட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

உன் பெருமையிலேயே வயிறு நிறைகிற,
பாட்டி


ஜூன் 21

பாட்டிக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீஸ் கழிப்பறையில் நின்று படித்தேன்.

நம் தோலின் மேல் கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமிகள் குடியிருக்கின்றன. தோலைக் காப்பாற்றுவதே அவைதான். இந்த க்ரீம் அவற்றைக் கெடுக்காது என்று காட்டத்தான் இந்தச் சோதனை. முடிவு வந்துவிட்டது. வலது கையில் எல்லாம் இருக்கின்றன. இடது கையில், பன்னிரண்டு பேருக்கும், அநேகமாக ஒன்றுமே இல்லை. க்ரீம்தான் கொன்றது என்று தீர்மானித்துவிட்டார்கள்.

மூன்று வருஷம் பாடுபட்டு அந்த க்ரீமைச் செய்த அக்கா என் பக்கத்து மேசைக்காரர். அடுத்த மாதம் பத்தாம் தேதியோடு அவரை அனுப்பிவிடுகிறார்கள். இன்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, “எங்கயோ நான்தான் தப்பு பண்ணிருக்கேன். உன் மேல பழி வராது, பயப்படாத” என்றார்.

நான் உண்மையைச் சொன்னால், ‘உனக்கு எப்படித் தெரியும், யார் அந்தப் பாட்டி?’ என்பார்கள். வேலை செய்கிறவர்களின் சொந்தக்காரர்களைச் சோதனையில் சேர்க்கக் கூடாது. ஆள் கிடைக்காத அவசரத்தில் ‘உறவில்லை’ என்று படிவத்தில் நான்தான் எழுதினேன். வேலை போய்விடும். பிறகு எந்த ஆய்வகமும் என்னைச் சேர்க்காது.

உங்கள் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். காலில் விழுந்து கேட்கிறேன், யாரிடமும் மூச்சு விடாதீர்கள்.

பேத்தி


ஜூன் 26

கண்ணு,

உன் கடிதத்தை விரல் வைத்து நாலு தடவை படித்தேன். பாவி நான், சுத்தம் பண்ணுகிறேன் என்று உன் தலையில் மண்ணைப் போட்டுவிட்டேன். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. மாடிவீட்டுக்காரி வேறு, “என்னக்கா, நம்ம க்ரீம் எப்ப கடைக்கு வருது?” என்று பார்க்கும்போதெல்லாம் கேட்கிறாள். உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

ஆனால் அந்தப் பெண் என் கண்ணிலேயே நிற்கிறாள். பண்ணாத தப்பை எங்கே போய்த் தேடுவாள்? எத்தனை நாள் தேடுவாள்?

நீயே போய்ச் சொல்லிவிடு, தங்கமே. ‘கிழவி புத்தியில்லாமல் செய்துவிட்டாள், நானும் அவசரத்தில் எழுதிவிட்டேன்’ என்று சொல். உன் வாயால் சொன்னால் கொஞ்சமாவது இரங்குவார்கள். நீ சொல்லவில்லையானால் உன் மேலதிகாரிக்கு நான் எழுத வேண்டிவரும். இது மிரட்டல் இல்லை, கெஞ்சல். என்னை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தாதே.

பாட்டி


ஜூலை 2

எழுதாதீர்கள்.

எழுதினால் எனக்குப் பாட்டி என்று யாரும் இல்லை.


ஆகஸ்ட் 14

கண்ணு,

எழுதிவிட்டேன். அது உனக்கு முன்பே தெரியும். மறைத்து வைக்க என்னிடம் இனி ஒன்றும் இல்லை.

அந்த அக்கா வேலையில் இருக்கிறாளாம், புது ஆட்களை வைத்துச் சோதனையை மறுபடி செய்கிறார்களாம். உன் பெரியண்ணன் சொன்னான். என் கடிதம் போய்ச் சேர்ந்த அன்றைக்கே உன்னை வெளியே அனுப்பினார்கள் என்றும் அவன்தான் சொன்னான். அதற்குப் பிறகு நான் உனக்கு எழுதும் நாலாவது கடிதம் இது. மற்ற மூன்றும் பிரிக்காமலே திரும்பி வந்தன. நீ வீடு மாறிவிட்டாயாம். புது முகவரியைக் கேட்டால், “தரக் கூடாதுன்னு சொல்லியிருக்கா பாட்டி, என்ன விட்டுருங்க” என்கிறான். அவன் கையைப் பிடித்துக் கெஞ்சி இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

நான் செய்தது சரி என்று சொல்ல வரவில்லை. சரியோ தப்போ, உன் பிழைப்பில் கை வைத்தது நான்தான். ஒரு தடவை கழுவி, ஒரு தடவை எழுதி. மன்னிப்புக் கேட்கக்கூட வாய் வரவில்லை.

ஒன்றே ஒன்று. பதில் வேண்டாம், ஒரு எழுத்துக்கூட வேண்டாம். இப்போது எடுத்த போட்டோ ஒன்றை உறையில் போட்டுத் தபாலில் அனுப்பு. பழையது வேண்டாம். சிரிக்க வேண்டியதில்லை, என்னைப் பார்க்கிற மாதிரிகூட நிற்க வேண்டாம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா இல்லையா என்பது முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
உன் அம்மாவைப் பெற்றவள்