வாசலில் கட்டிய வேப்பங்குழை

நாகலாபுரம் வழி,
கார்த்திகை மாதம், 2002.

அன்பு மகள் சத்தியபாமாவுக்கு அப்பா கண்ணுசாமி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், ஆடுகளும் அப்படியே. நாக்பூரில் நீயும் மாப்பிள்ளை மாதவனும் வயிற்றுப் பிள்ளையும் சுகமென்று உன் கையெழுத்தைப் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் அம்மை போட்டிருக்கிறது, வீட்டுக்கு வீடு வேப்பிலை தொங்குகிறது என்று உன் மாமியார் வழியில் யாராவது உன் காதில் போட்டிருந்தால் பதறாதே. ஊரில் ஒரு பிள்ளைக்குக்கூட அம்மை இல்லை. வேப்பிலை தொங்குவது மட்டும் உண்மை. அது எப்படி வந்தது என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போன் இருப்பது சௌந்தரபாண்டியன் அண்ணாச்சி டீக்கடையில், அவர் காதில் ஒன்று விழுந்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கதையே. எனக்குப் பயமாக இருக்கிறது பாமா. உன் அம்மாவுக்கு இல்லை, அதனால் அவள் பங்குக்கும் சேர்த்து நானே பயந்துகொண்டிருக்கிறேன்.

கண்மாய்க்கு மேலே இருக்கும் மேல்காட்டுப் புறம்போக்கை அடைத்துப் போட்டது உனக்குக் கல்யாணம் ஆன வருஷம்தான், உனக்கு ஞாபகம் இருக்கும். கோவில்பட்டித் தொண்டு நிறுவனத்திலிருந்து பூங்கொடி என்ற பெண் வந்து, வனத்துறைக்காரர்களையும் புஞ்சைக் காட்டுக்காரர்களையும் ஆட்டுக்காரர்களையும் ஒரே ஜமுக்காளத்தில் உட்கார வைத்தாள். ஐந்து வருஷத்துக்கு அங்கே யாரும் மேய்க்கவோ வெட்டவோ கூடாது, ஓடைகளில் கல்தடுப்புப் போட வேண்டும், அதற்குப் பதிலாகக் கதிர் அறுத்த புஞ்சைக் காட்டில் எல்லோரும் நம் ஆடுகளை விட வேண்டும், காவல் வீட்டுக்கு வீடு முறை வைத்து என்று பேச்சு. நான் நம்பவில்லை. ஆனால் இப்போது கண்மாய்த் தண்ணீர் பங்குனி வரை கிடக்கிறது, கிணற்றில் உப்புக் கரிப்பு குறைந்துவிட்டது, மேல்காட்டில் இடுப்பு உயரத்துக்குப் புல். அந்தப் புல்லுக்கு வெளிமான்கள் வந்துவிட்டன. முறுக்குக் கொம்போடு கடா ஒன்று கரையில் நிற்பதை முதலில் பார்த்தவன் நான்தான், அன்றைக்கே புலம்ப ஆரம்பித்துவிட்டேன். நல்லது வந்தால் அதன் பின்னாலேயே அதைப் பிடுங்க ஆள் வரும் என்பது என் எண்ணம். உன் அம்மா என்னைப் பார்த்து, “மான் வந்ததுக்கு ஒப்பாரி வைக்க ஆளு நீங்க ஒருத்தர்தான்” என்று சிரித்தாள்.

ஆள் வரத்தான் செய்தார்கள். டவுனிலிருந்து ஒரு ஜீப், வேட்டை நாய்கள், பெரிய டார்ச் லைட். புரட்டாசியில் ஒரு பெட்டை மானை அடித்துத் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள், சினையாக இருந்த மான். அன்றைக்குக் காவல் முறை யார் வீடு என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. உன் அம்மா வாய் திறந்தாள். இனிமேல் யார் முறையாக இருந்தாலும் நான் போகிறேன் என்றாள். அவளை யார் கேட்டார்கள். மேய்க்கவோ வெட்டவோ கூடாது என்று காவல் குழு வைத்த தகரப் பலகை எந்தக் கோழிக்கூட்டுக்குக் கூரையானதோ தெரியவில்லை, அதனால் அவள் நம் பழைய வழக்கத்துக்குப் போனாள். மேய்க்கக்கூடாத காட்டில் கம்பு நட்டு வேப்பங்குழை கட்டுவோம் இல்லையா, அதைப் பார்த்தால் எந்த ஆட்டுக்காரனும் உள்ளே போக மாட்டான். மேல்காட்டுக்கு வண்டிப்பாதை ஒன்றுதானே, அதனால் அவள் கம்பு நடுவதோடு நிற்காமல் ஊர்க்கோடியில் இரண்டு கருவேல மரத்துக்கும் நடுவில் கயிறு கட்டிக் குழை குழையாகத் தொங்கவிட்டாள். ஆட்டுக்காரர்களுக்காகக் கட்டியது அது. ஆனால் அடுத்த தடவை வந்த ஜீப் அதற்கு முன்னால் வந்து நின்றதாம். டவுன்காரர்களுக்கு நம் குழை வழக்கம் என்ன தெரியும், ஊருக்குள் அம்மை போட்டிருக்கிறது, ஊர் எல்லையில் வேப்பிலைத் தோரணம் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். டிரைவர் பிள்ளைகுட்டிக்காரன் போலிருக்கிறது, கன்னத்தில் போட்டுக்கொண்டு வண்டியைத் திருப்பிவிட்டான். உன் அம்மா கண்மாய்க் கரையில் உட்கார்ந்து இதைப் பார்த்துவிட்டு வந்து டீக்கடையில் வயிறு வலிக்கச் சிரித்துச் சொன்னாள். இலை வாட வாடப் புதுக் குழை கட்டினாள், ஜீப் வரவில்லை.

அத்தோடு விட்டிருந்தால் நான் இன்றைக்கு உனக்கு ஆட்டுக்குட்டிகளைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பேன். ஐப்பசிக் கடைசியில் அதே ஆட்கள் வேறு எங்கோ போகிற வழியில் அண்ணாச்சி கடையில் டீ குடிக்க நின்றிருக்கிறார்கள். ஊரில் அம்மை இறங்கிவிட்டதா என்று மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார்கள். நம் அண்ணாச்சிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அம்மையாவது ஒன்றாவது, அது நம்ம ராதாமணி மேல்காட்டுக்குக் கட்டின குழை, அதைப் பார்த்தா பயந்து ஓடினீர்கள் என்று கேட்டுவிட்டார். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்திருக்கிறார்கள். ஜீப்பில் வந்தவர்களில் மீசைக்காரன் ஒருவன் மட்டும் சிரிக்கவில்லையாம், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “அப்படியா அண்ணாச்சி, அந்தம்மாகிட்ட ஒண்ணு சொல்லிருங்க, பாதையில கட்டுன வேப்பிலைய அவிய வீட்டு வாசல்ல கட்டி வைக்கச் சொல்லுங்க, வீடு எதுன்னு எங்களுக்குத் தெரியணும்லா, கார்த்திகை பிறக்கவும் வாரோம்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அண்ணாச்சி கடையை அப்படியே போட்டுவிட்டு நம் வீட்டுக்கு ஓடி வந்தார். முகமெல்லாம் வேர்வை. “எம் வாயில மண்ணைப் போட” என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் எழுந்து போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். உன் அம்மா அவருக்கு மோர் கொடுத்தாள்.

நான் அவளிடம் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். காவலை விட்டுவிடு, கொஞ்ச நாள் உன் தங்கை வீட்டுக்குக் குளத்தூருக்குப் போ, மான் நமக்கு மாமனா மச்சானா என்றேன். நமக்கு ஒன்று என்றால் எதிர்வீட்டுக்காரன்கூட வர மாட்டான் என்றேன். எதிர்வீட்டு இராமச்சந்திரனைத்தான் உனக்குத் தெரியுமே. முளைத்து இரண்டு இலை விட்ட உளுந்தை மான் மேய்ந்துவிட்டது என்று போன கூட்டத்தில் உன் அம்மாவை ஏக வசனத்தில் பேசினவர் அவர், அறுத்த பிறகு என் காட்டில் உங்கள் ஆட்டுக் கால் பட்டால் பார் என்று நம்மோடு பேச்சையும் நிறுத்திவிட்டார். வனத்துறைக்குச் சொல்லி அனுப்பினோம், இந்தப் பக்கம் முழுவதற்கும் ஒரே ஒரு வண்டிதான், வருகிறோம் என்றார்கள். இவ்வளவும் சொன்ன பிறகு உன் அம்மா எழுந்து போய் ஒரு கை வேப்பங்குழை ஒடித்துக்கொண்டு வந்து, அந்த மீசைக்காரன் சொன்ன மாதிரியே நம் வாசல் நிலையில் கட்டினாள். “ஒளிஞ்சாத்தான் தேடுவாவ, நான் எதுக்கு ஒளியணும், நீங்க எதுக்கு இப்படி நடுங்குதீங்க” என்றாள். எனக்கு ஆட்களிடம் மட்டுமா பயம். அம்மை இல்லாத வீட்டில் வேப்பிலை கட்டினால் மாரியாத்தா என்ன நினைப்பாள், பிள்ளை உண்டாகியிருக்கிற மகள் வேறு நமக்கு இருக்கிறாளே என்று கேட்டேன். அதற்கு மட்டும் கொஞ்சம் யோசித்தாள். பிறகு, “அந்த மானும் வயித்துப்பிள்ளையோடதான் செத்துச்சு, ஆத்தாளுக்குத் தெரியும்” என்றாள். ஆனாலும் மாவிளக்கு எடுப்பதாக நேர்ந்துகொண்டேன், அவளிடம் சொல்லவில்லை, நீயும் எழுதிவிடாதே.

மறுநாள் காலையில் அவள் கிடையிலிருந்து ஆடுகளை மேய்ச்சலுக்குப் பத்திக்கொண்டு போனதும் அந்தக் குழையை அவிழ்த்து எறிந்துவிடுவது என்று முடிவு பண்ணியிருந்தேன். உன்னிடம் எனக்கென்ன வெட்கம். அவள் தலை மறைந்ததும் வாசலுக்கு வந்து முடிச்சில் கை வைத்தேன். எதிரே ஏதோ அசைந்தது, திரும்பிப் பார்த்தால் இராமச்சந்திரன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு உரலைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்று தன் வீட்டு நிலையில் வேப்பங்குழை கட்டிக்கொண்டிருக்கிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. தெருவைப் பார்த்தேன். அவருக்கு அடுத்த வீட்டில் தொங்குகிறது, அதற்கடுத்த வீட்டில் தொங்குகிறது, தெருக்கோடி வரை ஒரு நிலைகூட மிச்சமில்லை, அண்ணாச்சி கடை போர்டுக்குக் கீழே எல்லாவற்றையும்விடப் பெரிய கட்டு. ஊருக்குள் யார் யாரிடம் பேசினார்கள் என்று இன்று வரை எனக்குத் தெரியாது, அண்ணாச்சி வாயால் ஒரு நல்லதும் நடந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். இத்தனை நாளாக என்னோடு பேசாத இராமச்சந்திரன் உரல் மேல் நின்றபடியே, “என்ன கண்ணுசாமி, கையைத் தூக்கிட்டு நிக்க, கட்டு அவுந்து போச்சா” என்று கேட்டார். ஆமா அண்ணே, லூசாயிட்டு, இறுக்கிக் கட்டுதேன் என்று சொல்லி இன்னொரு முடிச்சும் போட்டேன். “என் உளுந்தைத் தின்ன மானை நான்தான் வையணும், கண்டவன் வந்து அடிக்கவா” என்று அவர் பாட்டுக்கு முனகிக்கொண்டே இறங்கினார்.

இதனால் பயம் போய்விட்டது என்று நினைக்காதே. முன்பு ஒரு வீட்டை நினைத்துப் பயந்தேன், இப்போது ஊரையே நினைத்துப் பயப்படுகிறேன். கார்த்திகை பிறந்துவிட்டது, அவர்கள் இன்னும் வரவில்லை, வராமலேயே இருந்துவிடுவார்கள் என்று எப்படி நம்புவது. ரோட்டில் மினி பஸ் வேகத்தடையில் ஏறினால்கூட வாசலுக்கு ஓடிப் போய் எட்டிப் பார்க்கிறேன். பூங்கொடி வந்து கோவில்பட்டிக்கும் தூத்துக்குடிக்குமாக அலைந்து மனுக் கொடுத்திருக்கிறாள், வனக்காவலர் ஒருவர் வந்து பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறார், பாவம் அவரிடம் இருப்பது ஒரு கம்பும் விசிலும்தான். அவரும் பயந்த சுபாவம், எனக்கு நல்ல பேச்சுத்துணை. தபால்காரர் ஊர் எல்லையில் தோரணத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வர மாட்டேன் என்று திரும்பிப் போய்விட்டார், அதனால் இதை நானே நாகலாபுரம் கொண்டுபோய்ப் போடுகிறேன், உன் கடிதம் வந்திருந்தால் அங்கேதான் கிடக்கும். உன் அம்மா இப்போது மேல்காட்டுக்குத்தான் போயிருக்கிறாள். தனியாக இல்லை, இராமச்சந்திரன் வீட்டம்மாளும் இன்னும் இரண்டு பேரும் கூட. நாளைக்கு நம் வீட்டு முறை என்று என்னையும் பெயர் சொல்லி அழைத்திருக்கிறார்கள், போகத்தான் போகிறேன், வீட்டில் உட்கார்ந்து பயப்படுவதை அங்கே போய்ப் பயப்படுகிறேன்.

தை மாதம் வளைகாப்புக்கு உன்னை அழைக்க வருவதாகச் சொல்லியிருந்தோம். இந்தச் சமயத்தில் வேண்டாம், அங்கேயே இரு என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், உன் அம்மாவுக்குத் தெரியாமல். எழுதி வரும்போது மனசு வரவில்லை. வா. மாப்பிள்ளையிடமும் சம்பந்தியிடமும் அம்மை இல்லை என்பதை நீயே விவரமாகச் சொல்லிவிடு. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காராதே, வெயிலில் நிற்காதே, இரும்புச் சத்து மாத்திரையைக் குமட்டுகிறது என்று விட்டுவிடாதே. நீயும் உன் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து வாழ வேண்டும் என்று நம் ஆத்தாளை வேண்டிக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் மறக்காதே. நீ வந்து இறங்கும்போதும் நம் வாசலில் குழை தொங்கிக்கொண்டிருக்கும். முந்தாநாள் கட்டியது வாடிவிட்டது, இதைத் தபாலில் போட்டுவிட்டு வரும் வழியில் புதுக் குழை நான்தான் ஒடித்து வர வேண்டும். அதைப் பார்த்து வெளியிலேயே நின்றுவிடாதே, தலையைக் குனிந்து உள்ளே வா.

உன் வருகையைப் பார்த்திருக்கும்
அப்பா,
ஆ. கண்ணுசாமி.