முனி மூலையில் நாலு அடுக்கு

செவ்வாய், மார்ச் 4

பாகாவ் நிலத்தின் அடிக்காட்டை இன்று வெட்டி முடித்தாயிற்று. பத்து ஏக்கர். பழைய ரப்பர் பால்மரத் தோட்டம், பதினைந்து வருடமாகப் பால் வெட்ட ஆளில்லை, தானாகவே காடேறிவிட்டது. நாளை மறுநாள் காட்டை அளக்க ஒரு பெண் வருகிறார். அவர் நல்லபடி எழுதினால், காட்டுமரம் வளர்க்கும் கம்பெனி குத்தகைக்கு எடுக்கும். இல்லையென்றால் விற்க வேண்டியதுதான். என் முட்டி இனி அந்த மேட்டில் ஏறாது. முப்பது வருடப் பழைய இரும்பு வியாபாரத்தில் வாங்கிய ஒரே நிலம்.

சரக்கைத் துடைத்துத்தானே காட்டுவோம்.

புல்வெட்டுகிற சுப்பு, முனி கோவில் மூலையை மட்டும் தொடவில்லை.

“தேங்கா ஒடைக்காம அங்க மெஷின் வைக்க மாட்டேண்ணே. அப்பறம் யாரு காலு வீங்கும்? எங்காலுதான்.”

தேங்காய் வாங்க மறந்தது நான். எரிச்சல். அந்த மூலை மட்டும் அலங்கோலமாக நிற்கிறது.

வியாழன், மார்ச் 6

தூறல். பெண் பெயர் ஷாமினி. அளவு நாடா, குச்சி, பெரிய பூட்ஸ். இறங்கியதும் தரையைப் பார்த்தார்.

“அங்கிள், கீழ இருந்ததெல்லாம் எங்க?”

“வெட்டிட்டேன்மா. கிளீனா இருக்கட்டும்னு.”

“ஐயோ அங்கிள், நான் பாக்க வந்ததே அதத்தான் லா.”

மேலே பால்மரம் மட்டும் நின்றால் அது தோட்டம்தானாம். அதற்குக் கீழே சீக்கிரம் வளரும் மகாங் மரம், அதற்கும் கீழே புதர், தரையில் காட்டுமரக் கன்று. நாலு அடுக்கும் இருந்தால்தான் காடு திரும்புகிறது என்று எழுத முடியும். மண் அருமையாம், ஆதிகால எரிமலைக் கல் கரைந்த சிவப்பு மண். அதைத்தான் நான் கூலி கொடுத்து மொட்டையடித்து வைத்திருக்கிறேன்.

சுப்புதான் மெல்ல வாயைத் திறந்தான்.

“மிஸ், அந்த மூலையப் பாருங்க. அண்ணன் தேங்கா மறந்த எடம்.”

ஷாமினி இரண்டு மணி நேரம் அங்கேயே கிடந்தார். கயிறு கட்டி, மண்டியிட்டு, எண்ணி. நாலு அடுக்கும் இருக்கிறது. பறவை போட்ட விதையில் கெலாட் என்கிற காட்டுமரக் கன்று மட்டும் பதினொன்று, விரல் உயரத்தில். வெட்டிய இடமும் வேரிலிருந்து துளிர்க்கும், விட்டுவைத்தால் போதும் என்றார். நல்லபடியே எழுதுவாராம்.

மனைவி லெட்சுமிக்குப் போன் போட்டேன். “நீங்க மறந்ததுலயே உருப்படியானது இதான்” என்கிறாள்.

புதன், மார்ச் 19

நல்ல வெயில். சிரம்பானில் கம்பெனியோடு கையெழுத்து. பத்து வருடக் குத்தகை, ஏக்கருக்கு வருடம் எண்ணூறு மலேசிய வெள்ளி. விழுந்த பால்மரக் கட்டை எனக்கு. ஒரு செடியைக்கூட நான் வெட்டக்கூடாது. வெள்ளிக்கிழமை முனிக்கு விளக்கு வைக்கலாம், தேங்காய் உடைக்கலாம். கத்தி மட்டும் வாசல் கேட்டிலேயே இருக்க வேண்டும்.