மிதித்தால்தான் மேளம்

மச்சான்,

இன்று சைக்கிள் கடையில் ஒரு பழைய டைனமோவைச் சில்லோடு அழுத்திச் சுற்றிக் காட்டினார்கள். ரப்பர் சூடேறிய மணம் மூக்கில் பட்டதுதான் தாமதம், நான் அரியாலைப் பந்தடி மைதானத்தில் கோல் கம்பங்களுக்கு நடுவில் நின்றேன். நீ வெளியே, ஸ்டான்ட் போட்ட சைக்கிளில் ஏறியிருந்து வியர்க்க வியர்க்க மிதித்துக்கொண்டிருந்தாய்.

சண்டையால் குடாநாட்டில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை என்ற காலம் அது. உன் பின்சில்லு டைனமோவைச் சுற்றும்; டைனமோ உன் கசற் ரேடியோவை ஓட்டும்; கோயிலில் இரவல் வாங்கிய குழாய் ஸ்பீக்கரில் காவடி மேளம் முழங்கும். ரேடியோவின் மோட்டாரை நீயே பழுதுபார்க்கப் போய் அதன் வேகக் கட்டுப்பாட்டைத் தொலைத்திருந்தபடியால், நீ மிதிக்கிற வேகம்தான் மேளத்தின் வேகம். நீ அழுத்தினால் சனம் கை தட்டும். சனம் தட்டினால் எங்கள் ஆட்டக்காரரின் கால் பறக்கும். அதைப் பார்த்து நீ இன்னும் அழுத்துவாய். எது எதை இழுத்தது என்று எனக்கு இன்றும் தெரியாது.

அன்று இறுதியாட்டம். எதிரே வல்வெட்டித்துறைக்காரர். முந்திய வருடம் அவர்கள் அடித்த லேசான பந்தொன்று என் கைக்குள்ளால் நழுவி, நாங்கள் தோற்றதிலிருந்து ஊரில் எனக்குப் பெயர் ‘ஓட்டைக் கை’. இந்த முறையும் விட்டால் கோல் காக்க வேறு ஆள் பார்ப்போம் என்று கழகத்தில் சொல்லிவிட்டார்கள்.

இடைவேளையில் அவர்களின் தலைவன் நடுவரிடம் போனான்.

“ஐயா, உவையள் பன்னிரண்டு பேரோடை விளையாடுகினம். அந்தச் சைக்கிளும் விளையாடுது.”

நடுவர் லேசுப்பட்டவரா? “அப்ப ரெண்டு பக்கத்துக்கும் ஒரே மாதிரி மிதிக்கட்டும்” என்று தீர்ப்புச் சொன்னார். நீ ரோசக்காரன். அவர்கள் பந்தோடு என்னை நோக்கி வந்தபோதும் அதே அழுத்து அழுத்தினாய். அவர்களுடைய சனமும் ஆடத் தொடங்கிவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு உன் டைனமோவைக் கழற்றி எறிந்திருப்பேன்!

நாங்கள் ஒரு கோலால் முன்னால் நிற்க, கடைசி நேரத்தில் அவர்களுக்குப் பெனால்டி. அந்தத் தலைவனே அடிக்க வந்தான். மேளம் உச்சத்தில் நின்றது. அவன் மேளத்தின் தாளத்துக்கே ஓடி வந்தான். பாதி வழியில் மேளம் இழுபட்டது, கொட்டாவி விட்டது, அப்படியே படுத்துவிட்டது. அவன் கால் தடுமாறியது. பந்து நேரே என் நெஞ்சுக்கு வந்தது. இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தேன்.

“வேணுமெண்டுதான் நிப்பாட்டினவன்! திரும்ப அடிக்க வேணும்!” என்று அவர்கள் உன்னைச் சூழ்ந்தார்கள். நடுவரும் வந்து கேட்டார். என் மானம் உன் வாயில்தான் இருந்தது. நீ சைக்கிளை விட்டு இறங்காமலே என்னைக் காட்டினாய்.

“நான் உவன்ரை கையைத்தான் பாத்துக்கொண்டு இருந்தனான், ஐயா. காலை மறந்து போனன்.”

முதலில் சிரித்தவன் அந்தத் தலைவன்தான். பிறகு நடுவர், பிறகு மைதானம் முழுக்க. பிடித்தது பிடித்ததுதான் என்று நடுவர் கடைசி விசிலை ஊதினார். நீ எழும்பி நின்று மிதித்தாய் பார், மேளம் தலைதெறிக்க ஓடியது, இரண்டு ஊரும் ஒன்றாக ஆடியது! என்னைத் தோளில் தூக்கினார்கள். ‘ஓட்டைக் கை’ அன்றோடு ஒழிந்தது. அப்படி ஒரு சந்தோசம் எனக்குப் பிறகு வாய்க்கவேயில்லை.

போன மாதம் உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது, சந்தி திரும்புகிற இடத்தில் பறைமேளம் சட்டென்று தாழ்ந்தது. என் இரண்டு கைகளும் தாமாகவே நெஞ்சுக்கு முன்னால் எழும்பின. கும்பிடுகிறேன் என்று சனம் நினைத்திருக்கும்.

நான் பந்துக்குத்தான் நின்றேன், மச்சான்.