பிரிக்காத பொட்டலம்

12-8-2007, ஞாயிறு

பைலட் பயிற்சிக்கு வரச்சொல்லி மகன் கதிருக்கு துபாயிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. சேர்ந்தால் ஏழு வருடம் அவர்களிடமே வேலை பார்ப்பதாக எழுதித் தர வேண்டுமாம். ஏழு வருடம்! பெற்றவள் நான் எதற்கு?

காலையில் கோயிலில் பூ கேட்டோம். வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். பொட்டலம் இரண்டையும் நான்தான் மடித்தேன். கதிர் எடுத்ததில் சிவப்பு.

"சரிங்கம்மா, நம்ம பனியன் கம்பெனியவே பாத்துக்கறனுங்க" என்றான்.

மற்றதைத் தூக்கிப் போடப் போனேன். வாங்கிக்கொண்டான்.

"இந்த வெள்ளைப் பூவாச்சும் எங்கிட்ட இருக்கட்டுங்கம்மா."

பிரிக்காமலே சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். சாயங்காலம் மொட்டை மாடியில் நின்று, கோயமுத்தூர்ப் பக்கம் இறங்கிய விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கை சட்டைப் பையின் மேலேயே இருந்தது.

இந்நேரம் தூங்கியிருப்பானா, பிரித்திருப்பானா?

அதிலும் சிவப்பு அரளிதான் இருக்கிறது.