ஒரு சைஸ் பெரிய ஷூ

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த அர்த்த ராத்திரியில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். கையெழுத்தைப் பார்த்து வேறு யாரோ என்று நினைத்துவிடாதே, நான்தான். வலது கையில் இரண்டு விரலை ஒரு ஸ்கேல் துண்டோடு சேர்த்துக் கட்டியிருக்கிறது. பேனா பிடிக்க முடியாமல் வழுக்குகிறது.

உன் எண்ணுக்கு விடாமல் அடித்துப் பார்த்தோம், நீ எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் நான் பேசியிருப்பேனா தெரியாது. இத்தனை வருஷமாக "நல்லா இருக்கியாடி?" என்று நீ கேட்கும்போதெல்லாம் "நல்லா இருக்கேன்க்கா" என்றே சொல்லிப் பழகிய வாய் இது. எழுதினால்தான் உண்மை வருகிறது. என் போன் உடைந்து கிடக்கிறது. முடித்ததும் கீழ் வீட்டுத் தையல்காரம்மா இந்தப் பக்கங்களைத் தன் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்புவார். நான் இப்போது இருப்பது அவர் கடையில்தான். பிள்ளைகள் இரண்டு பேரும், வாலுவும் உருண்டையும், துணி மூட்டை மேல் தூங்குகிறார்கள். வாலு செருப்பைக் கழற்ற மாட்டேன் என்றுவிட்டாள். ஷட்டரை இறக்கி, மிஷின் மேல் இருக்கும் ஒரு விளக்கை மட்டும் போட்டிருக்கிறோம். என் வீட்டுக்காரர் நைட் ஷிப்டில் இருக்கிறார். விடியும்போது வந்துவிடுவார்.

நீ சொல்லிக் கொடுத்தபடியே எல்லாம் எடுத்து வைத்திருந்தேன் அக்கா. டயபர், ஈரத் துணி, பால் பவுடர், ஜுர மருந்து எல்லாம் கைப்பையில். இரண்டு பேருக்கும் மாற்று உடை, எனக்கும் ஒன்று. "வாந்தி எடுத்தா உன் மடியிலதான் எடுக்கும், அந்த நாத்தத்தோட கடல் தாண்டப் போறியா?" என்று நீ திட்டியது நினைவிருந்தது. விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைக்காமலிருக்க உருண்டைக்குப் பால், வாலுவுக்குக் குச்சி மிட்டாய். வாலு தன் பங்குக்கு வாசல் மிதியடியைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். அது இல்லாவிட்டால் பெரியம்மா வீட்டை நம்ம வீடு என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து எவ்வளவு நாளாகிவிட்டது என்றும் தோன்றியது.

உனக்கு ஆபரேஷன், கூட இருக்க ஆளில்லை, இரண்டு வாரம் தங்கிவிட்டு வருகிறேன் என்று நாம் ஜோடித்த பொய்யை அவர் நம்பத்தான் செய்தார். ஆனால் பெட்டியை நம்பவில்லை. ஏர்போர்ட் சரக்குக் கிடங்கில் சூப்பர்வைசர், உனக்குத் தெரியும். ஒரு பெட்டியை ஒரு கையால் தூக்கி இறக்கிவிட்டு எடை சொல்லிவிடுவார் என்பதால் அங்கே அவருக்குத் தராசு என்று பெயர். வீட்டுக்கு வந்ததும் என் பெட்டியைத் தூக்கிப் பார்ப்பார். நேற்றைவிடக் கனத்தால் ஹாலில் கவிழ்ப்பார். ஒவ்வொன்றாக எடுத்து, இது எதுக்கு, இது எதுக்கு என்று கேட்பார். பதில் தாமதித்தால் அறை. முந்திக்கொண்டு சொன்னால், மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறாயா என்று இன்னொன்று. ஒரு நாள் பவுடர் டப்பா என் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் உடைந்தது. உருண்டை அந்த வெள்ளைத் தூளில் கையை அளைந்து விளையாடினான். இன்னொரு நாள் பெல்ட். முதுகு என்பதால் யாருக்கும் தெரியாது. மறுநாள் வாலு தன் பொம்மையின் சட்டையெல்லாம் தரையில் பரப்பி, "இது எதுக்கு?" என்று கேட்டுக் கேட்டு அதன் கன்னத்தில் அறைந்துகொண்டிருந்தாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நான் திரும்பி வரப் போவதில்லை என்று காட்டும் எதையும் பெட்டியில் வைக்கவில்லை. போட்டோ இல்லை, சர்ட்டிபிகேட் இல்லை, ஒரு பொட்டு நகை இல்லை. பாஸ்போர்ட்டுகளைத் தைக்கக் கொடுக்கிற துணிக்குள் மடித்துத் தையல்காரம்மாவிடம் முன்பே கொடுத்துவிட்டேன். அவ்வளவு புத்தியாக இருந்தவள் ஒன்றில் கோட்டைவிட்டேன். வாலுவுக்கு வாங்கிய ஷூ. அம்மா நமக்கு எப்போதும் ஒரு சைஸ் பெரிதாக வாங்கி நுனியில் பஞ்சு திணித்துத் தருவாளே, அந்தப் புத்தி எனக்கும் வந்துவிட்டது. உன் ஊரில் குளிர் வரும், அதற்குள் பிள்ளைக்குக் கால் வளர்ந்துவிடும் என்று கை தானாகப் பெரியதை எடுத்தது. எனக்கு அது தப்பாகவே தோன்றவில்லை.

இன்று சாயந்திரம் அவர் அந்த ஷூவைக் கையில் எடுத்தார். நுனியில் திணித்திருந்த சாக்ஸை உருவிப் போட்டார். வாலுவைக் கூப்பிட்டு, மடியில் உட்கார வைத்து, கடைக்காரர் மாதிரியே பக்குவமாகப் போட்டுவிட்டார். கட்டை விரலால் நுனியை அழுத்தினார். விரல் உள்ளே போயிற்று. கோபமே இல்லாத குரலில்தான் கேட்டார்:

"ரெண்டு வாரத்துல என் பொண்ணு இவ்ளோ வளந்துடுவாளா?"

சின்ன சைஸ் கடையில் இல்லை என்று சொல்லியிருந்தால் போதும். காலேஜில் பேச்சுப் போட்டி என்றால் என்னைத்தான் அனுப்புவார்கள். அந்த ஒரு வரி என் வாயில் வரவில்லை.

வாலுவை மடியிலிருந்து இறக்கிவிட்டார். என் போனை எடுத்துத் தரையில் அடித்தார். பெட்டியைக் கவிழ்த்துக் காலி பண்ணினார். என் கையைப் பிடித்து இழுத்துப் பெட்டியின் விளிம்பில் வைத்து, மூடியைப் போட்டு, அதன் மேல் காலால் மிதித்தார். விரல் உடைந்த சத்தம்தான் முதலில் வந்தது, வலி பிறகுதான் வந்தது. நான் கத்தவில்லை. கத்தினால் உருண்டை எழுந்துவிடுவான் என்று நினைத்தேன். பார், அப்போதுகூட என் புத்தி போன இடத்தை.

அவன் எழுந்துதான் இருந்தான். அவர் போய்ப் பாயிலிருந்து அவனைத் தூக்கி வந்து காலிப் பெட்டிக்குள் படுக்க வைத்தார். பிள்ளை விளையாட்டு என்று நினைத்துக் காலை உதைத்துச் சிரித்தது.

"வேணுங்கறத எடுத்துட்டுப் போ. இந்தா, கட்டியே குடுத்துடறேன்."

மூடியைப் போட்டு ஜிப்பை இழுக்க ஆரம்பித்தார். ஒரு பக்கம் முழுக்க மூடியது. மூலை திரும்பியது. அடுத்த பக்கமும் மூடியது. உள்ளே சிரிப்பு நின்றுவிட்டது.

வெந்நீர் வைக்கிற ஸ்டீல் பிளாஸ்க் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. நிறைந்திருந்தது. இடது கையால்தான் வீசினேன். புருவத்தில் பட்டு அவர் சரிந்தார். ஜிப்பைப் பிரித்தேன். பிள்ளை வியர்த்து, வாயைத் திறந்தபடி, அழக்கூட மூச்சில்லாமல் இருந்தது. தூக்கித் தட்டினேன். கொஞ்ச நேரத்தில் வீறிட்டு அழுதது. வாலுவின் மடியில் கொடுத்தேன்.

அதோடு விட்டிருக்கலாம் அக்கா. நான் திரும்பிப் போனேன். அவர் எழுந்திருக்க முயன்றுகொண்டிருந்தார், யாரையும் அடிக்கிற நிலையில் இல்லை. அடித்தேன். தோளில், முதுகில், தலையை மறைத்த கையில், முட்டியில். எங்கே அடித்தால் வலிக்கும், எங்கே அடித்தால் வெளியே தெரியாது என்று என் உடம்புக்குத் தெரிந்திருந்தது. எல்லாம் பட்டுத் தெரிந்துகொண்டதுதான். அவர் "வேணாம்டி" என்றார். அது காதுக்கு இனிமையாக இருந்தது. இன்னொரு தடவை சொல்ல வேண்டும் என்பதற்காகவே இன்னொரு தடவை அடித்தேன். இதை உன்னைத் தவிர வேறு யாரிடம் சொல்வேன்?

அப்போது பின்னாலிருந்து வாலு சொன்னாள்.

"போதும்மா. விட்டுடும்மா. இனிமே செய்ய மாட்டாங்க."

நான் அவரிடம் அவளுக்காகக் கெஞ்சுவது அப்படித்தான். அதே குரல். தம்பியின் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, கண்ணை என் மேலேயே வைத்திருந்தாள். கையிலிருந்து பிளாஸ்க் தானாக விழுந்தது.

அவர் எழுந்து போய் முகம் கழுவினார். பிளாஸ்திரி ஒட்டி, யூனிபார்ம் மாட்டினார். பெட்டியை, ஷூவோடு சேர்த்து, கையில் எடுத்துக்கொண்டார். வாசலில் நின்று மெதுவாகச் சொன்னார்: "ஏர்போர்ட்டுக்குத்தான வரணும். வா. அங்க பாத்துக்கறேன்."

சண்டை முடிந்து வேலைக்குப் போகிற எந்த நாளிலும் அவர் வெளியே பூட்டிக்கொண்டு போனதில்லை. எங்கே போய்விடுவாள் என்கிற தைரியம்தான். இன்றும் பூட்டவில்லை. அவர் வண்டிச் சத்தம் தெரு முனை தாண்டியதும் தையல்காரம்மா மேலே வந்தார். ஏற்றிப் போக வந்த கம்பெனி டிரைவரிடம், புருவத்தில் அலமாரிக் கதவு இடித்துவிட்டது என்று என் வீட்டுக்காரர் கீழே சொல்லிக்கொண்டிருந்தாராம். இவ்வளவு காலமும் நான் சொல்லி வந்த அதே அலமாரிக் கதவு. "அந்த அலமாரிய முதல்ல வெட்டி அடுப்புல வைக்கணும், வீட்டுல ஒருத்தரையும் விட்டு வைக்கல" என்றார். சொல்லிக்கொண்டே என் விரலைத் தொட்டுப் பார்த்து, ஒரு மர ஸ்கேலை முழங்காலில் வைத்து உடைத்துத் துண்டு வைத்துக் கட்டினார். கட்டி முடிக்கும்போது அவர் முகம் மாறிவிட்டது. மேலே சத்தம் கேட்கும்போதெல்லாம் மிஷினை இன்னும் வேகமாக மிதிப்பேன், இன்று வேலை இல்லை, மிஷின் ஓடவில்லை, எல்லாம் கேட்டது என்றார்.

இப்போது பெட்டி கிடையாது. உடம்பு மேலேயே மூட்டை கட்டியிருக்கிறோம். வாலுவுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக எத்தனை கவுன் ஏறுமோ அத்தனை. கண்ணாடியில் பார்த்து "நான் முட்டைக்கோஸ் மாதிரி இருக்கேன்" என்றாள். என் கோட்டின் உள்பக்கம் தையல்காரம்மா பெரிய பை ஒன்று தைத்துக்கொண்டிருக்கிறார், பாஸ்போர்ட்டுகளுக்கு. சத்தம் வெளியே போகக் கூடாது என்று கைத்தையல். ஒரு துணிப் பையில் டயபர், பால் பவுடர், மருந்து. நசுங்கிய பிளாஸ்கையும் அதில் வைத்தேன். அது எதற்கு என்றார். வெந்நீருக்கு என்றேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அதை எடுத்துத் தன் மேசைக்கு அடியில் உதைத்துத் தள்ளினார். பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றைக் கழுவிக் கொடுத்தார்.

இனி முக்கியமான விஷயம். இந்த ஊர் ஏர்போர்ட்டில் நான் கால் வைக்க முடியாது. கவுண்டரில் இருக்கிற பெண்ணிலிருந்து வாசல் காவலர் வரைக்கும் தராசின் வீட்டம்மாவைத் தெரியும். போன தடவை அம்மாவை ஏற்றிவிடப் போனபோது நான் உள்ளே நுழைவதற்குள் அவருக்கு நான்கு போன் போய்விட்டது, எல்லாம் பிரியத்தில். இந்தத் தடவை அவரே சொல்லி வைத்திருப்பார். தைத்த துணிகளை ஏற்றிக்கொண்டு பக்கத்து நகரத்துக்குப் போகிற வேன் விடிவதற்கு முன் இங்கே வரும். அதில் மூட்டைகளுக்கு நடுவே போகிறோம். அந்த நகரத்திலும் ஏர்போர்ட் உண்டு. டிக்கெட் நீ உன் கணக்கில், உன் கார்டில் போட்டது. அங்கிருந்து கிளம்புகிற மாதிரி நீதான் அதை மாற்ற முடியும். எந்த விமானமானாலும் சரி, எத்தனை இடத்தில் இறங்கி ஏறினாலும் சரி, உருண்டையை மடியில் வைத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. சற்று முன் வாலுவின் முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கக் கையைத் தூக்கினேன். அவள் தூக்கத்திலேயே கண்ணை இறுக்கி, தோளைக் குறுக்கிக்கொண்டாள். அவர் தூக்கினால்தான் அப்படிச் செய்வாள், என்னிடம் இதுவரை செய்ததில்லை. அதனால் நாங்கள் வந்து இறங்கியதும் முதலில் அவளை நீ தூக்கிக்கொள் அக்கா. நான் பின்னால் வருகிறேன். கொஞ்ச நாளைக்கு அவளுக்கு நீயே தலை சீவிவிடு, சோறும் நீயே ஊட்டு. ஏன் என்று அவள் எதிரில் கேட்காதே. நான் இங்கேயே இருந்தால் அவர், நான், இந்த இரண்டு பேரில் ஒருவர் சாவது உறுதி. இவ்வளவு நாள் அது நான் என்றுதான் நினைத்திருந்தேன்.

அத்தானுக்கு என் வணக்கம். இந்தப் பக்கங்களை அவரும் படிக்கட்டும், மறைக்க வேண்டாம். நீயும் உன் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

டிக்கெட்டை மாற்றிவிட்டேன் என்று ஒரே ஒரு வரி, தையல்காரம்மாவின் எண்ணுக்கு. முடியவில்லை என்றாலும் அதைச் சொல்லிவிடு. வேன் வருவதற்குள் தெரிய வேண்டும். சீக்கிரம் பதில் போடு அக்கா.

உன் தங்கை