உறுத்தாத உறை

ஜூன் 9, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். கொட்டாரம் சந்திப்பில் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது. கடையின் பின்சுவரில் ஈரம், அட்டைப்பெட்டிகளை நகர்த்த வேண்டும்.

இன்றுதான் முதல் நாள். துப்பாக்கியை இடுப்பில் கட்டிக்கொண்டு கடைக்குப் போனேன்.

எழுதிய பிறகு அந்த வரியை இன்னொரு முறை வாசித்தேன். நானா? மருந்துக்கடைக்காரன். கோழி அறுப்பதைக்கூட நின்று பார்க்க மாட்டாதவன்.

போன வருஷம் எதிர்த்த டீக்கடை வாசலில் தங்கராஜ் அண்ணனை வெட்டிப் போட்டார்கள். குளத்து மண்ணைத் திருடி அள்ளுகிறார்கள் என்று மனு கொடுத்துக்கொண்டே இருந்தவர். வெட்டியது ச. (முழுப்பெயர் இங்கேகூட வேண்டாம்.) பட்டப்பகல். முகத்தைப் பார்த்ததாகச் சொன்னவன் நான் ஒருவன்தான். மற்ற எல்லோரும் அந்த நேரம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். ச. ஜாமீனில் வந்த வாரம், முற்றத்தில் நின்ற என் பைக் எரிந்தது. அதற்குப் பிறகு துப்பாக்கி லைசென்ஸுக்கு எழுதிப் போட்டேன். கிடைக்காது என்று நினைத்துத்தான் போட்டேன். கிடைத்துவிட்டது. இந்த 22-ஆம் தேதி சாட்சி சொல்ல வேண்டும்.

வீட்டில் விஜிக்கு ஒன்றும் தெரியாது. பைக் எரிந்தது பெட்ரோல் கசிந்து என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

துப்பாக்கியோடு கிடைத்த தோல் உறை பெல்ட்டுக்கு வெளியே தொங்குகிற வகை. சட்டைக்குள் தேங்காய் மூடியைச் சொருகியது போல் இருந்தது. நாள் முழுக்க வெள்ளைக் கோட்டைக் கழற்றவில்லை. கடையில் கூட நிற்கும் கலா, "என்னண்ணே, இண்ணைக்கு டாக்டர் ஆயிட்டியளா?" என்றாள்.

இந்தக் கனத்தைப் பற்றி யாருமே சொல்லவில்லை. பேன்ட் ஒரு பக்கமாக இறங்கிக்கொண்டே இருந்தது.

ஜூன் 11, வியாழன்

வெயில். சரக்கு எடுக்க வடசேரி.

புது உறை நேற்றே கூரியரில் வந்தது. நைலான். பேன்ட்டுக்கு உள்ளே சொருகுவது. வெளியே தெரியவில்லை, அது நல்லது. ஆனால் முன்பக்கம் வைத்தால், கீழ்த்தட்டு மருந்தை எடுக்கக் குனியும்போது வயிற்றில் குத்துகிறது. முதுகில் வைத்தால் சாய முடியாது, பஸ்ஸில் கேட்கவே வேண்டாம். வலது இடுப்பில் பரவாயில்லை, ஆனால் எலும்பின் மேல் உரசி உரசித் தோல் சிவந்துவிட்டது. லோஷன் போட்டேன். கணுக்காலில் கட்டியும் பார்த்தேன். கால் சுளுக்கியவன் நடை.

வடசேரி பஸ் ஸ்டாண்டு கழிப்பறை. பெல்ட்டைத் தளர்த்தினேன். நைலானுக்குப் பிடிமானமே இல்லை. துப்பாக்கி நழுவித் தரையில் விழுந்தது. சிமெண்டில் இரும்பு விழுகிற சத்தம்.

அடுத்த கதவுக்குள்ளிருந்து ஒரு குரல்: "யாரு மக்கா, போன் விழுந்துட்டா? ஒடஞ்சு போச்சா?"

"இல்ல... ஒடையல்ல."

வெடிக்கவில்லை. வெடித்திருந்தால்? நடுவில் ஒரு தகரக் கதவு. அந்த ஆளின் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டே நின்றேன். சரக்கு எடுக்காமலே பஸ் ஏறிவிட்டேன். கலாவிடம் மொத்தக்கடை அடைத்திருந்தது என்று பொய்.

நைலானைக் குப்பையில் போட்டேன். பார்சலில் கூடவே வந்திருந்த இன்னொன்றை எடுத்தேன், கெட்டியான பிளாஸ்டிக். விசைப் பக்கம் முழுவதும் மூடியிருக்கிறது. பிடிமானம் உண்டு. ஆனால் மூச்சை உள்ளே இழுத்தால் விலாவில் இடிக்கிறது.

ஜூன் 14, ஞாயிறு

விஜியின் தம்பி அனீஷின் குழந்தைக்குத் திருவட்டாறு கோவிலில் சோறூட்டு. வாடகைக் கார். மழை இல்லை, புழுக்கம்.

வேட்டி. வேட்டிக்கு மேல் பெல்ட், பெல்ட்டில் உறை, எல்லாவற்றையும் மூடிச் சட்டை. ஆளில்லாத வீட்டில் துப்பாக்கியை விட்டு வரப் பயம். கோவில் படிக்குக் கீழே கார் நின்ற பிறகுதான் உறைத்தது. ஆண்கள் சட்டையைக் கழற்றித்தானே உள்ளே போக வேண்டும்! கல்யாணமான நாளிலிருந்து போய் வருகிற கோவில். எப்படி மறந்தேன்? துப்பாக்கியோடு கோவிலுக்குக் கிளம்பியிருக்கிறேனே, அது எப்படித் தோன்றாமல் போனது?

வயிறு சரியில்லை என்று காரிலேயே இருந்துவிட்டேன். அனீஷ் வந்தான். "அத்தான், நீங்க வராம பிள்ளைக்கு சோறு குடுக்க மாட்டேன்னு அப்பா நிக்காரு. சட்டைய களத்தி வச்சிட்டு வாருங்கோ."

"நீ போ, பின்னால வாறேன்."

பிறகு விஜி. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். "வயித்துக்கு என்னவாக்கும்? காலம்பற நல்லாத்தானே இருந்தியோ?" நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காற்றுப் படட்டும் என்று சட்டைப் பொத்தானை அவிழ்க்கப் போனாள். கையைத் தடுத்தேன். தடுத்ததில் அவள் விரல் நேராக அதன் மேல் பட்டது.

கத்துவாள் என்று நினைத்தேன். கையை எடுக்கவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கார்க் கதவைச் சாத்தினாள்.

"நெசத் துப்பாக்கியா?"

"ஆமா."

"குண்டு இருக்கா?"

"உண்டு."

கொஞ்ச நேரம் கோவில் படியையே பார்த்தாள். "பைக் எரிஞ்சது பெட்ரோல் கசிஞ்சுன்னு சொன்னியோ. நான் அத நம்பினேன்னு நெனச்சியளா? அண்ணைக்கே மண்ணெண்ண நாத்தம் எனக்கு அடிச்சுது. நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்."

இத்தனை மாதம் இவள் எல்லாம் தெரிந்து என் பக்கத்தில் படுத்திருந்திருக்கிறாள்.

தனியாகப் படியேறிப் போனாள். திரும்பும்போது இலைக் கிண்ணத்தில் பாயசம். வழி முழுக்க அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள்.

ஜூன் 15, திங்கள்

மறுபடி சாரல். கடைக்கு அரைநாள் லீவு.

விஜி வீட்டில் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். காலையில் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். "பனியன களத்துங்கோ. இடுப்பளவு எடுக்கணும்."

விளையாடுகிறாளா என்று பார்த்தேன். இல்லை.

இடுப்பில் இருந்த காயத்தைப் பார்த்து உதட்டைக் கடித்தாள். "இப்பிடியா கெட்டிக்கிட்டு அலஞ்சியோ?"

துப்பாக்கியைக் காலி செய்து காட்டினேன். "இன்னொருக்கா பாருங்கோ," என்றாள். இன்னொரு முறை பார்த்தேன். "தொடக்கூடாத எடம் எது?" காட்டினேன். புது உறையின் பிளாஸ்டிக் கூட்டை அப்படியே நடுவில் வைத்து, சுற்றிலும் கெட்டித் துணியில் அகலப் பட்டை தைத்தாள். உள்பக்கம் மெத்தென்று பஞ்சுத் துணி. வியர்வைக்கு. ஓரமெல்லாம் இரட்டைத் தையல்.

கரப்பான்பூச்சியைக்கூட முறத்தில் அள்ளி வெளியே விடுகிறவள். மிஷினில் குனிந்து அந்தக் கறுப்பு இரும்பைச் சட்டைத் துணிபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். இது என் வீடுதானா?

"குனியுங்கோ. இருங்கோ. நடங்கோ. உறுத்துகா?"

"இல்ல."

"பின்ன செரி." மிஷினை மூடிவிட்டு அழுதாள்.

ஜூன் 17, புதன்

ச. கடைக்கு வந்தான்.

எழுத்து கோணுகிறது.

மத்தியானம். கலா சாப்பிடப் போயிருந்தாள். தோளில் குழந்தையோடு ஒருவன் படியேறினான். குழந்தையின் முகம் சிவந்து வீங்கியிருந்தது. அதைத்தான் முதலில் பார்த்தேன். பிறகு அவன் முகம்.

"அண்ணாச்சி, பிள்ளைக்கு காய்ச்சலாக்கும். நேத்துல இருந்து விடல்ல."

எனக்குக் காது அடைத்துவிட்டது. வாய் மட்டும் தானாக வேலை செய்தது. எத்தனை வயது, எடை எவ்வளவு, டாக்டரைப் பார்த்தாயா. சீட்டை நீட்டினான். பிள்ளையின் நெற்றியைத் தொட்டேன், கொதித்தது. மருந்தை எடுத்தேன். குலுக்கிக் கொடுக்க வேண்டும், ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, இன்று ராத்திரிக்குள் விடாவிட்டால் ஆஸ்பத்திரி. எல்லாம் சரியாகச் சொன்னேன். ஒரு வார்த்தை பிசகவில்லை.

குழந்தை கண்ணாடி மேஜையில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தது. அவன் நெஞ்சு முழுவதையும் அது மறைத்திருந்தது. அதை நான் கவனித்தேன். எதற்காகக் கவனித்தேன் என்று எழுதக் கூசுகிறது.

மருந்தை வாங்கியவன் போகவில்லை. என் இடுப்பைப் பார்த்தான். சிரித்தான். கேலிச் சிரிப்புகூட இல்லை, தெரிந்தவன் சிரிப்பு.

"உறை கொள்ளாம் அண்ணாச்சி. வெளிய ஒண்ணும் தெரியல்ல. உங்க கையாக்கும் காட்டிக் குடுக்குது. நான் வந்ததுல இருந்து முழங்கை அங்கயே ஒட்டிக்கிட்டு நிக்கி."

படியிறங்கிப் போய்விட்டான்.

கலா வந்தபோது நான் தரையில் உட்கார்ந்திருந்தேனாம்.

ஜூன் 18, வியாழன்

அரசு வக்கீலுக்குப் போன் செய்தேன். "மிரட்டினானா?" என்றார். இல்லை. "கையை ஓங்கினானா?" இல்லை. "பிறகு என்னதான் சொன்னான்?" உறை நன்றாக இருக்கிறது என்றான். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

விஜியிடம் சொன்னேன். தைத்த கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். "பிள்ளைய தூக்கிட்டா வந்தான்? எந்தத் தகப்பன் செய்வான் அத?"

சாட்சிக்குப் போக வேண்டாம் என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூன் 22, திங்கள்

நாகர்கோவில் கோர்ட். நல்ல மழை. துப்பாக்கியைக் கொண்டுபோக முடியாது, காலையிலேயே அலமாரியில் பூட்டினேன். விஜி கூட வந்தாள்.

பார்த்ததைச் சொன்னேன். குரல் நன்றாகவே வந்தது. பிறகு ச.வின் வக்கீல் எழுந்தார்.

"நீங்கள் துப்பாக்கி வைத்திருக்கிறீர்கள் அல்லவா? என் கட்சிக்காரருக்குப் பயந்து?"

"ஆமாம்."

ஒரு போட்டோவை எடுத்தார். என் கடை. எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்தது. குழந்தையோடு ச. நிற்கிறான். நான் மருந்தை நீட்டுகிறேன். பல் தெரிகிறது. பயத்தில் இளித்த வாய், போட்டோவில் சிரிப்பாக இருக்கிறது.

அப்படியானால் அது காய்ச்சலுக்காக வந்த வருகை இல்லை. ஆனால் காய்ச்சல் நிஜம், நான் தொட்டுப் பார்த்தேன். நிஜக் காய்ச்சலோடு அந்தப் பிள்ளையைத் தூக்கி வந்து போட்டோவுக்கு நிறுத்தியிருக்கிறான்.

"தங்கராஜை வெட்டியவர் இவர்தான் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தால், இப்படிச் சிரித்துப் பேசி மருந்து கொடுப்பீர்களா?"

கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். என்ன பேச வேண்டும் என்று யோசிக்கவே இல்லை.

"பிள்ளைக்குக் காய்ச்சல் இருந்தது. மருந்து கொடுத்தேன். தங்கராஜ் அண்ணனை வெட்டியது அந்தப் பிள்ளையைத் தூக்கி வந்தவர்தான். அதையும் பார்த்தேன்."

நீதிபதி எழுதிக்கொள்ளச் சொன்னார். ச. முதல்முறையாகத் தலை குனிந்தான். வக்கீல் இன்னும் என்னென்னவோ கேட்டார், நான் சொன்னதையே சொன்னேன்.

வெளியே மழை விடவில்லை. விஜி குடையைப் பிடித்துக்கொண்டு, "கேட்டேன். எல்லாம் கேட்டேன்," என்றாள்.

தீர்ப்புக்கு நாள் ஆகும். ச. அதுவரை வெளியேதான். சாயங்காலம் கடை திறக்க வேண்டும். அலமாரியைத் திறந்து எடுத்தேன். விஜி பின்னால் நின்று பட்டையை இழுத்துக் கட்டிவிட்டாள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறவள்போல.

கடையில் ஒரே கூட்டம், மழைக்காய்ச்சல் சீசன். அடைக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. இவ்வளவு நேரமும் அது இடுப்பில் இருந்ததையே நான் மறந்துபோயிருந்தேன்.